கத்தியில் இருக்கும் பெயர் யாருடையது? ஜப்பானியக் கைவினைக் கத்தி கடைக்கு வந்து சேரும் வழி

ஜப்பானியச் சமையல் கத்தி என்று இணையத்தில் தேடினால் வருகிற வீடியோக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். இருட்டான பட்டறை, வயதான கொல்லர், அடி விழும்போது தெறிக்கும் தீப்பொறி, முடிவில் தக்காளியைக் காகிதம் போல மெல்லிசாகச் சீவும் கத்தி. இதையெல்லாம் பார்த்தவர் மனதில் ஒரு கதை தானாகவே உருவாகிவிடுகிறது: சாமுராய்களுக்கு வாள் அடித்த பரம்பரையில் வந்த ஒருவர், இரும்பைக் காய்ச்சுவது முதல் பிடி மாட்டுவது வரை எல்லா வேலையையும் தானே செய்து, தன் பெயரைப் பொறித்து விற்கிறார் என்று.

கொல்லர் உண்மை, தீப்பொறியும் உண்மை. மற்றதெல்லாம் பெரும்பாலும் அப்படி இல்லை. இது தெரியாமல் வாங்குபவர்கள் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்றே தெரியாமல் கொடுக்கிறார்கள். அந்தக் கத்திக்காக உழைத்தவர்களில் பாதிப்பேர் யார் கண்ணிலும் படாமலே போகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய வருத்தம். அதனால் முதலிலிருந்தே பார்ப்போம். கத்தியைப் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கும் புரியும்படி எழுத முயல்கிறேன்.

ஒரு கத்தி, பல கைகள்

கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுத்தவரிடம் "எங்கே எடுத்தீங்க?" என்று கேட்டால் கடையின் பெயரைத்தான் சொல்வார். ஆனால் அந்தப் புடவையின் நூலுக்குச் சாயம் ஏற்றியவர் ஒருவர், பாவு போட்டவர் இன்னொருவர், தறியில் உட்கார்ந்து நெய்தவர் வேறொருவர், இவர்களுக்கு நூலும் கூலியும் கொடுத்து நெய்ததை வாங்கி வைத்தவர் மற்றொருவர். அட்டைப்பெட்டியில் அச்சாகியிருப்பது விற்றவரின் பெயர். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, தொழில் நடக்கும் முறையே அதுதான்.

ஒசாகாவுக்குத் தெற்கே இருக்கும் சகாய் நகரத்தில் கத்தித் தொழிலும் இப்படித்தான் நடக்கிறது. ஜப்பானிய உணவு சமைக்கும் தொழில்முறைச் சமையல்காரர்கள் மத்தியில் சகாய் கத்திக்குத் தனி மரியாதை உண்டு. அங்கே கொல்லர் அலகை அடிப்பார், சாணைக்காரர் அதைத் தீட்டிக் கத்தியாக்குவார், பிடி செய்பவர் மரப்பிடி செய்வார், இவர்கள் எல்லோருக்கும் நடுவில் டொன்யா என்கிற மொத்த வியாபாரி இருப்பார். அடிப்பவரும் தீட்டுபவரும் வழக்கமாக வெவ்வேறு பட்டறை, வெவ்வேறு குடும்பம், வெவ்வேறு தெருவாகக்கூட இருக்கும்.

ஏன் பிரித்துக்கொண்டார்கள்? ஒவ்வொரு வேலையும் கைவர அத்தனை வருடம் ஆகிறது. அலகை அடிக்கக் கற்றுக்கொள்ளவே பத்து வருடம் வேண்டும் என்றால், அதே ஆள் தீட்டுவதிலும் அதே அளவு தேர்ச்சி பெறுவது எப்போது? ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்பவரின் கைக்கு ஒரு நுணுக்கம் வரும், சகாய் அதை நம்பித்தான் தொழிலை அமைத்துக்கொண்டது.

உலையில் என்ன நடக்கிறது

பாரம்பரிய ஜப்பானியக் கத்தியின் அலகு ஒரே உலோகத்தால் ஆனது இல்லை. வெட்டும் விளிம்புக்குக் கடினமான எஃகு, அதைத் தாங்கிப் பிடிக்க மிருதுவான இரும்பு. கடின எஃகை ஹகானே என்றும் மிருதுவான இரும்பை ஜிகானே என்றும் சொல்வார்கள். முழுக்க ஹகானேயாகவே செய்தால் கூர் நன்றாக நிற்கும், ஆனால் கத்தி லேசில் உடையும், தீட்டுவதும் பெரும்பாடு. முழுக்க ஜிகானே என்றால் உடையாது, கூரும் நிற்காது. அதனால் இரண்டையும் சேர்க்கிறார்கள்.

கொல்லர் ஜிகானே பட்டையை உலையில் பழுக்கக் காய்ச்சி, அதன் மேல் வெண்காரம் கலந்த பொடியைத் தூவி, ஹகானே துண்டை வைத்து மறுபடி காய்ச்சி அடிப்பார். பொடி உருகி, மேலே படிந்த அழுக்கையும் ஆக்சைடையும் அடியோடு வெளியே தள்ளிவிடும். சுத்தமான இரண்டு பரப்புகள் ஒன்றோடொன்று அழுந்தி ஒட்டிக்கொள்ளும். பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. அப்புறம் அதையே நீட்டி, அகலப்படுத்தி, பிடிக்குள் போகும் வால் பகுதியை இழுத்து, கத்தியின் உருவத்துக்குக் கொண்டுவருவார்கள்.

இதில் வேலையின் உயிரே அடங்கியிருக்கிற கட்டம் துவைச்சல். நம் ஊர்க் கொல்லரும் அரிவாளுக்குச் செய்கிற வேலைதான் இது, பழுக்கக் காய்ச்சிய அலகைச் சட்டென்று தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கி எடுப்பது. எஃகு என்பது கொஞ்சம் கார்பன் கலந்த இரும்பு. சுமார் 800 டிகிரி சூட்டில் அந்தக் கார்பன் இரும்புக்குள் கரைந்து பரவி நிற்கும். மெதுவாக ஆறவிட்டால் அது பிரிந்து தனியே ஒதுங்கிவிடும், எஃகும் மிருதுவாகிவிடும். ஒரே மூச்சில் குளிரவைத்தால் வெளியேற நேரமில்லாமல் இரும்பு அணுக்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும், அணுக்கள் நகர இடமில்லாமல் இறுகிவிடும். எஃகின் கடினம் அங்கிருந்து வருகிறது. சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் வேலை கெடும். அதனால்தான் பல கொல்லர்கள் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, அலகின் நிறத்தைப் பார்த்தே சூட்டைக் கணிக்கிறார்கள். வீடியோவில் தெரியும் அந்த இருட்டு அலங்காரத்துக்காக ஏற்படுத்தியது இல்லை.

முக்குவதற்கு முன் அலகில் மெல்லிசாகக் களிமண் குழம்பு பூசுவார்கள். வெறும் அலகைத் தண்ணீரில் விட்டால் அதைச் சுற்றி நீராவி படலமாகச் சூழ்ந்துகொண்டு குளிர்ச்சியைத் தடுக்கும், மண் பூச்சு அந்தப் படலத்தை நிற்கவிடாது. முக்கி எடுத்ததும் அலகு மிகக் கடினமாக, கீழே விழுந்தால் உடைகிற நிலையில் இருக்கும். மறுபடி 200 டிகிரிக்கு உட்பட்ட மிதமான சூட்டில் வைத்து எடுத்தால் அந்த முறுக்கு கொஞ்சம் தளரும்.

இப்படித் தயாரான விளிம்பின் கடினத்தை ராக்வெல் என்ற அளவில் அளந்தால் பொதுவாக 60 முதல் 65 வரை வரும். ஜெர்மன் சமையல் கத்திகளில் பல 56 முதல் 58 வரை நிற்கும். எண்ணில் சின்ன வித்தியாசம், கையில் பெரிய வித்தியாசம். கடினமான எஃகில் விளிம்பை இன்னும் மெல்லியதாக, இன்னும் சரிவான கோணத்தில் தீட்ட முடியும், அப்படித் தீட்டியது வளையாமலும் நிற்கும். எலும்பில் மோதினால் வளைவதற்குப் பதிலாகச் சில்லுப் பெயர்வதும் அதே கடினத்தால்தான்.

எஃகை யாரும் பட்டறையிலேயே உருக்கிக்கொள்வதில்லை. சகாய் கத்திகளுக்குப் பேர்போன எஃகு ஷிமானே மாநிலத்தின் யசுகி நகர ஆலையிலிருந்து வருகிறது. ஹிட்டாச்சி மெட்டல்ஸ் என்று இருந்த அந்த நிறுவனத்தின் பெயர் 2023 முதல் புரோட்டீரியல். ஷிரோகாமி என்கிற வெள்ளைத்தாள் எஃகு, ஆவோகாமி என்கிற நீலத்தாள் எஃகு, இரண்டும் அங்கே தயாராகிறவை. எஃகின் நிறத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, ஆலையில் அதைச் சுற்றி அனுப்பிய காகிதத்தின் நிறம் அது. வெள்ளை என்பது கலப்பு மிகக் குறைந்த கார்பன் எஃகு, சுலபமாகத் தீட்டலாம். நீலத்தில் குரோமியமும் டங்ஸ்டனும் கொஞ்சம் சேரும், கூர் கூடுதல் நாள் நிற்கும். இரண்டுமே துருப்பிடிக்கும்.

இதுவரை வந்ததைத் தொகுத்துச் சொன்னால்: விளிம்புக்குக் கடின எஃகு, முதுகுக்கு மிருதுவான இரும்பு, இரண்டையும் சூட்டில் ஒட்ட அடித்து, துவைச்சல் போட்டு, கொஞ்சம் தளர்த்தியது வரைதான் கொல்லர் வேலை. அவர் கையைவிட்டுப் போகும்போது அது கறுத்துத் தடித்த ஓர் இரும்புத் தகடு. அதைக் கொண்டு வெண்டைக்காய்கூட ஒழுங்காக நறுக்க முடியாது.

யாரும் படம் எடுக்காத மனிதர்

என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் மிகக் குறைவாகப் பேசப்படுபவர் சாணைக்காரர்தான். அவர் இடத்தில் தீப்பொறி பறக்காது. தண்ணீரோடு சேறு தெறிக்கும், நாள் முழுக்க ஈரம், குனிந்த முதுகு. வீடியோவுக்கு அழகில்லை.

கத்தி வெட்டுகிறதா இல்லையா என்பது பெரும்பாலும் அவர் கையில்தான் தீர்மானமாகிறது. சுழலும் பெரிய சாணைக்கல்லில், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, மரச்சட்டத்தில் பொருத்திய அலகை உடம்பின் எடையைக் கொண்டு அழுத்தித் தேய்ப்பார். கல்லைத் தொடும்போதே அலகு சூடாகி வளையும், அவ்வப்போது எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, சிறு சுத்தியலால் தட்டி நேராக்கி, மறுபடி தேய்க்க வேண்டும். சூடு அதிகமானால் கொல்லர் போட்ட துவைச்சலே கெட்டுவிடும். கரடுமுரடான கல்லிலிருந்து நைசான கல்லுக்குப் படிப்படியாகப் போய், விளிம்புக்கு மேலே அலகு எவ்வளவு மெலிய வேண்டும், எங்கே தடிமன் இருந்தால் நறுக்கிய துண்டு ஒட்டாமல் விலகும் என்பதையெல்லாம் அவர்தான் முடிவு செய்கிறார்.

ஜப்பானிய உணவுக்கான கத்திகள் பலவற்றில் ஒரு பக்கம் மட்டுமே சரிவாகத் தீட்டியிருக்கும். பச்சை மீனைத் துண்டு போடும் நீளமான யனாகிபா, மீனைச் சுத்தம் செய்யும் தடித்த டெபா, காய் சீவும் உசுபா மூன்றும் அந்த வகை. இவற்றின் மறுபக்கம் தட்டையாகத் தெரிந்தாலும் நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். அந்தக் குழிவால் மீன் துண்டு அலகோடு ஒட்டிக்கொள்ளாது, தீட்டும்போதும் ஓரத்தை மட்டும் தேய்த்தால் போதும். அதைச் சமச்சீராகக் கொண்டுவருவதும் சாணைக்காரரே. இருபக்கமும் தீட்டிய கியூட்டோ, சான்டோகு போன்றவை மேற்கத்திய சமையல் ஜப்பானுக்குள் வந்த பிறகு பரவியவை, வீட்டுச் சமையலுக்கு இவைதான் தோது.

டொன்யா என்ன செய்கிறார்

தீட்டிய அலகு மொத்த வியாபாரியிடம் திரும்பும். பிடி போடுவது அங்கேதான். மாக்னோலியா வகை மரத்தில் செய்த பிடி, அலகு நுழையும் வாய்ப்பக்கத்தில் எருமைக் கொம்புப் பூண், இது வழக்கமான அமைப்பு. அலகின் வாலைச் சுட வைத்துப் பிடிக்குள் செருகித் தட்டுவார்கள், மரம் உள்ளே கருகி வாலைப் பிடித்துக்கொள்ளும். பிற்காலத்தில் பிடி பழசானால் கழற்றிவிட்டு வேறு போடலாம். அப்புறம் மறுபடி ஒருமுறை அலகு நேராக இருக்கிறதா என்று பார்த்து, உளியால் எழுத்து பொறித்து, பெட்டியில் வைப்பார்கள்.

பொறிக்கும் அந்த எழுத்துதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம். அலகில் இருக்கும் ஜப்பானிய எழுத்தைப் பார்த்ததும் கொல்லரின் கையெழுத்து என்று நினைத்துக்கொள்கிறோம். சகாயில் அது பெரும்பாலும் டொன்யாவின் வியாபாரப் பெயர். ஒரே கொல்லர் மூன்று நான்கு டொன்யாக்களுக்கு அலகு அடித்துக் கொடுப்பார், அவை மூன்று நான்கு பெயர்களில் விற்பனைக்கு வரும். ஒரே பெயரில் வரும் கத்திகளை வெவ்வேறு கொல்லர்கள் அடித்திருப்பதும் உண்டு. ஆகவே இந்த பிராண்டு உசத்தியா அந்த பிராண்டு உசத்தியா என்று நடக்கும் விவாதங்களில் சில சமயம் இரண்டு பக்கமும் ஒரே மனிதரின் வேலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறது.

அப்படியென்றால் டொன்யா நடுவில் நின்று காசு பார்க்கிற தரகரா? இந்தக் கேள்வி நிறைய வருகிறது, நான் அப்படி நினைக்கவில்லை. எந்தக் கொல்லரின் யனாகிபாவை எந்தச் சாணைக்காரரிடம் கொடுத்தால் பொருந்தும் என்று தெரிந்தவர் அவர். அலகு விற்குமா விற்காதா என்று பார்க்காமல் கொல்லருக்குப் பணம் கொடுத்துச் சரக்கை எடுப்பவர் அவர், தேங்கினால் நஷ்டமும் அவருக்கு. வீட்டோடு ஒட்டிய பட்டறையில் வேலை செய்யும் ஒருவரால் டோக்கியோ கடைக்கும் பாரிஸ் கடைக்கும் கடிதம் எழுதிக்கொண்டு, பில் போட்டுக்கொண்டு, கூடவே அலகும் அடிக்க முடியாது. என் குறை ஒன்றுதான், செய்தவர்களின் பெயரை வாங்குபவருக்குச் சொல்லாமல் வைத்திருந்த வழக்கம். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கிய பிறகு அது மாறிக்கொண்டு வருகிறது. அடித்தவர் இன்னார், தீட்டியவர் இன்னார் என்று இரண்டு பெயரையும் போட்டு விற்கும் கடைகள் இப்போது நிறைய.

சாமுராய் வாள் கதை

1876-இல் ஜப்பானிய அரசு பொது இடங்களில் வாள் அணிவதைத் தடை செய்தது. வாள் அடித்தவர்களில் பலர் வேறு கருவிகள் செய்யப் போனார்கள் என்பது சரி. அதற்காகச் சமையல் கத்தியெல்லாம் வாளின் குழந்தை என்று சொன்னால் அது தவறு, அதற்கு ரொம்ப முன்பே சமையல் கத்தித் தொழில் நன்றாக நடந்துகொண்டிருந்தது.

சகாய் கத்திக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது புகையிலை. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாகப் புகையிலை ஜப்பானுக்கு வந்தது, அதைச் சன்னமாக நறுக்க நல்ல கத்தி தேவைப்பட்டது, சகாய் கொல்லர்கள் அதைச் செய்தார்கள். பின்னால் ஜப்பானை ஆண்ட தொகுகாவா ஆட்சி அந்தக் கத்திகளுக்குத் தர முத்திரையும் விற்பனையில் தனி உரிமையும் கொடுத்தது. கத்திக்குப் பேர்போன இன்னொரு பகுதியான எச்சிசெனின் கதை 1337-இல் கியோட்டோவிலிருந்து வந்து குடியேறிய ஒரு வாள் கொல்லரில் தொடங்குவதாகச் சொல்வார்கள், ஆனால் அந்த ஊருக்குச் சோறு போட்டது அரிவாள். அரக்குப் பால் எடுக்க ஊர் ஊராகப் போன தொழிலாளிகள் எச்சிசென் அரிவாள்களையும் கூடவே கொண்டுபோய் விற்றதால்தான் அந்த ஊர்ப் பெயர் நாடு முழுக்கப் பரவியது. வாள் செய்ய எடுக்கும் தமஹகானே என்ற எஃகு வேறு, அது சமையல் கத்திக்கு வருவதே அபூர்வம்.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பம், அலகில் அலையலையாகத் தெரியும் டமாஸ்கஸ் கோலம். தென்னிந்தியாவில், கொடுமணல் போன்ற நம் பக்கத்து ஊர்களிலும், மூசையில் உருக்கிச் செய்த எஃகு மேற்காசியா போய் வாளாகி, அந்த வாளின் கோலத்துக்கு டமாஸ்கஸ் என்று பெயர் வந்தது. இன்றைய ஜப்பானியக் கத்தியில் இருப்பது அந்த எஃகு இல்லை. வெவ்வேறு உலோகத் தகடுகளை அடுக்கி அடித்து அமிலத்தில் நனைத்தால் தெரியும் வரிகள் அவை. அழகுதான், ஆனால் வெட்டுவது நடுவில் இருக்கும் எஃகு, கோலம் பக்கவாட்டில்தான் இருக்கிறது. கோலத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பது உங்கள் ரசனை, கூருக்காகக் கொடுப்பதாக நினைக்க வேண்டாம்.

எல்லா ஊரும் சகாய் மாதிரி இல்லை

எச்சிசெனில் பல பட்டறைகளில் அடிப்பதும் தீட்டுவதும் ஒரே கூரையின் கீழ் நடக்கும். அங்கே இரண்டு அலகுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சேர்த்து அடிக்கும் பழக்கம் உண்டு, சூடு சீக்கிரம் ஆறாது, இரண்டும் சீராக மெலியும். ஜப்பானில் சம்மட்டியால் அடித்துச் செய்யும் கருவிகளில் பாரம்பரியக் கைவினை என்று அரசு முதலில் அங்கீகரித்தது எச்சிசெனைத்தான், 1979-இல். சகாய்க்கு அது 1982-இல் கிடைத்தது, அதே தொழில் நடக்கும் டோசாவுக்கு 1998-இல், சான்ஜோவுக்கு 2009-இல். எச்சிசெனின் சில பட்டறைகள் சேர்ந்து 1993-இல் டாகெஃபு கத்திக் கிராமம் என்ற பொதுப் பட்டறையைத் திறந்தன. வாடிக்கையாளர் நேரே போய் வேலையைப் பார்க்கலாம், கொல்லர்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே விற்கிறார்கள்.

அப்புறம் கிஃபு மாநிலத்தின் செகி. வாளுக்குப் பேர்போன ஊர், இன்று பெரிய ஆலைகளின் ஊர். உலகம் முழுக்கக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஜப்பானியக் கத்திகளில் நிறைய அங்கிருந்து வருபவை. தகட்டிலிருந்து வெட்டி எடுத்து, இயந்திரத்தில் சூடேற்றி, இயந்திரத்தில் தீட்டி வருகிறவை. இவை மட்டமான கத்திகள் இல்லை, ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாத தரம் இவற்றில்தான் கிடைக்கும். கைவேலை என்று நினைத்து வாங்கக்கூடாது, அவ்வளவே.

கைவேலை எத்தனை பங்கு?

"கையால் அடித்தது" என்ற ஒரே சீட்டு மூன்று விதமான கத்திகளில் ஒட்டியிருக்கலாம். ஹகானேயையும் ஜிகானேயையும் கொல்லரே உலையில் ஒட்ட அடித்தது ஒரு வகை. எஃகு ஆலையே இரண்டையும் ஒட்டித் தகடாகத் தர, அதை வாங்கிக் கொல்லர் அடித்து உருவாக்கித் துவைச்சல் போட்டது இன்னொரு வகை, நல்ல கத்திகள் பல இப்படித்தான் வருகின்றன. மூன்றாவது, அதே தகட்டை அச்சில் வெட்டிவிட்டு, பேருக்கு நாலு அடி அடித்தது. முதல் வகையிலும் மின்சாரச் சம்மட்டி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையால் செய்வதென்றால் இயந்திரமே தொடாமல் செய்வது என்று யாரும் அங்கே சொல்லிக்கொள்வதில்லை, சூட்டையும் அடியையும் தீர்மானிப்பது மனிதர் என்பதுதான் பொருள்.

ஒரே எஃகில் முழு அலகையும் அடித்து விளிம்பை மட்டும் கடினமாக்கும் ஹொன்யாகி என்ற வகை தனி. துவைச்சலின்போது பல அலகுகள் விரிசல் விட்டு வீணாகும், அந்த நஷ்டமும் சேர்ந்துதான் அதன் விலை.

கடை வரை

டொன்யாவிடமிருந்து கத்தி முதலில் போவது சமையல்காரர்கள் வாங்கும் கடைகளுக்கு. டோக்கியோவில் உவேனோவுக்கும் அசகுசாவுக்கும் நடுவில் இருக்கும் கப்பாபாஷி தெரு, ஒசாகாவில் நம்பாவுக்குப் பக்கத்து டோகுயாசுஜி, இரண்டுமே உணவகத்துக்கு வேண்டிய பாத்திர பண்டம் முழுக்கக் கிடைக்கும் தெருக்கள். கியோட்டோவின் நிஷிகி சந்தையில் இருக்கும் அரிட்சுகு கடை 1560-இல் தொடங்கியது. இப்படிப்பட்ட கடையில் வாங்கினால் கூர் போனதும் கொண்டுபோய்க் கொடுத்துத் தீட்டிக்கொள்ளலாம், சமையல்காரருக்கும் கடைக்கும் உறவு பல வருடம் தொடரும்.

வெளிநாட்டுத் தேவை இந்தச் சங்கிலியை இழுத்துப் பிடித்திருக்கிறது. 2013-இல் ஜப்பானிய உணவு மரபு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, வீட்டில் சமைப்பவர்களும் நல்ல கத்தி தேட ஆரம்பித்தார்கள், யென் மதிப்புக் குறைந்தபோது சுற்றுலாப் பயணிகள் கப்பாபாஷியில் குவிந்தார்கள். ஆனால் கொல்லரும் சாணைக்காரரும் வருடங்கள் கழித்துத்தான் உருவாவார்கள், ஆர்டர் கூடியதும் ஆளைக் கூட்ட முடியாது. பெயர்பெற்ற சிலரின் கத்திக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பது அதனால்தான். வேண்டுமென்றே தட்டுப்பாடு உண்டாக்குகிறார்கள் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. சாணை வேலைக்கு இளையவர்கள் வருவது குறைவு, அடித்து முடித்த அலகுகள் சாணைக்காரருக்காகக் காத்துக் கிடக்கும் நிலையும் உண்டு.

இந்தத் தேவையைப் பார்த்துவிட்டு, ஜப்பானியப் பெயரும் சாமுராய் கதையும் ஒட்டி வேறெங்கோ செய்த கத்தியை விளம்பரத்தில் விற்பவர்களும் கிளம்பியிருக்கிறார்கள். அலகில் சம்மட்டித் தழும்பு இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், அந்தத் தழும்பை அச்சிலேயே போட முடியும்.

வாங்குவதற்கு முன் கேளுங்கள்

எந்த ஊரில் செய்தது, எந்த எஃகு, அடித்தவர் யார், தீட்டியவர் யார். நேர்மையான கடைக்காரர் இந்த நான்கில் மூன்றுக்காவது பதில் சொல்வார், சிலர் ஒப்பந்தப்படி கொல்லர் பெயரைச் சொல்ல முடியாது என்று வெளிப்படையாகவே சொல்வார்கள், அதுவும் நல்ல பதில்தான். எஃகின் பெயரே தெரியாமல் பரம்பரைக் கதை மட்டும் சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

முதல் கத்தி என்றால் ஒரு பக்கம் தீட்டிய யனாகிபாவில் தொடங்க வேண்டாம், சான்டோகு அல்லது கியூட்டோ போதும். இடது கைக்காரர்கள் ஒரு பக்கக் கத்தி வாங்கினால் அவர்களுக்கென்று செய்ததையே கேட்க வேண்டும், விலை கூடுதலாக இருக்கும். வெள்ளை, நீலம் இரண்டு எஃகுமே எலுமிச்சை, புளி, வெங்காயம் பட்டதும் கறுக்கத் தொடங்கும். நறுக்கி முடித்ததும் கழுவி, ஈரம் போகத் துடைத்து வைத்தால் அந்தக் கறுப்பு படலமாகப் படிந்து துருவை ஓரளவு தள்ளி நிறுத்தும். எலும்பு, உறைந்த இறைச்சி, தேங்காய் மூன்றையும் அதனிடம் கொண்டுபோகாதீர்கள். கூர் மழுங்கினால் இழுவைச் சாணைக் கருவியில் உருவ வேண்டாம், தண்ணீரில் நனைத்த தட்டைக் கல்லில் தேய்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். கல் எவ்வளவு நைசானது என்பதை எண்ணால் குறிப்பார்கள், முதலில் 1000 எண் கல் ஒன்று வாங்கினால் போதும்.